ஆடிக்கு ஒரு வீடு

"மூணு மாசத்துக்கு மட்டுமா?"

இந்தக் கேள்விக்குப் பிறகு போனில் ஒரு சின்ன அமைதி வரும். அந்த அமைதியின் நீளத்தை வைத்தே பதில் என்னவென்று கண்டுபிடிக்கும் அளவுக்கு நான் தேறிவிட்டேன். உடனே "இல்லம்மா" என்று சொல்லிவிட்டால் அவர் நல்ல மனிதர். "வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்" என்றால் சொல்லவே மாட்டார். "நேர்ல வந்து பாருங்க, பேசிக்கிடலாம்" என்றால் வாடகை ஒன்றரை மடங்கு.

2024 ஆனிக் கடைசியில் பதினொரு நாள், பாளையங்கோட்டையிலும் அதைச் சுற்றியும் இப்படி வீடு தேடினேன். சாராள் தக்கர் கல்லூரியில் மூன்று வருஷம் படித்தவள் நான். கண்ணைக் கட்டிவிட்டாலும் முருகன்குறிச்சியிலிருந்து சமாதானபுரம் வரை நடந்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீடு கேட்டுப் போனபோது, எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் போகிற ரோடு மட்டும்தான் என்று புரிந்தது.

அம்மா களக்காட்டில் தனியாக இருக்கிறாள். அந்த வருஷம் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் தேர் வடம் அறுந்ததே, ஞாபகம் இருக்கும். அம்மா டிவியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வடம் மாற்றுகிறவரை பாத்திரத்தைக் கழுவிவிடலாம் என்று புறவாசலுக்குப் போனவள், அங்கணத்துப் பாசியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிவு. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பாதி மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தார்கள். நன்றாகத்தான் செய்தார்கள். வடம் அறுந்த நேரம் சரியில்லை என்பது இன்று வரைக்கும் அம்மாவின் கட்சி. பாசியைப் பற்றி அவள் பேசுவதில்லை.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் வரிசையாகச் சொன்னார். தரையில் உட்காரக் கூடாது, குந்தக் கூடாது, தாழ்வான நாற்காலி ஆகாது, இப்போதைக்குப் படி ஏற வேண்டாம். வாரம் மூன்று நாள் பிசியோதெரபி. ஆறாவது வாரமும் பன்னிரண்டாவது வாரமும் எக்ஸ்ரே எடுத்துக் காட்ட வேண்டும். களக்காட்டு வீட்டை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். வாசலில் நாலு படி, தார்சாவுக்கு ஒரு படி, கக்கூஸ் புறவாசலுக்கும் அப்பால், அதுவும் குந்துகிற மாதிரி. அங்கே கூட்டிப்போனால் அடுத்த இடுப்பையும் பார்க்க வேண்டியதுதான். பெருமாள்புரத்தில் சித்தி வீடு இருக்கிறது. ஆனால் மாடி. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி ஏற்றினோம். ஏறும்போது அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாய்க்குள் எதையோ முணுமுணுத்தாள். கந்த சஷ்டி கவசமோ என்று நினைத்தேன். பக்கத்தில் போய்க் கேட்டால், முன்னால் தூக்கிய பையனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

தேவை இவ்வளவுதான். கீழ்வீடு. வெஸ்டர்ன் டாய்லெட். வாக்கர் நுழைகிற வாசல். ஆஸ்பத்திரிக்குப் பக்கம். இதில் மூன்றாவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு முதலில் உறைக்கவில்லை. வாக்கர் அகலம் ஏறத்தாழ இரண்டு அடி. நம் பக்கத்தில் ஒரு வீட்டின் முன்வாசலைக் கல்யாண ஊர்வலமே போகிற மாதிரி வைப்பார்கள். பாத்ரூம் கதவு மட்டும் ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். சித்தியின் தையல் மிஷினிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வீடு பார்க்க வருகிறவர்கள் சாமி மூலை எது, தண்ணி எப்போ வரும் என்று கேட்பதுதான் வழக்கம். நான் நேரே போய்ப் பாத்ரூம் கதவை அளந்தேன். ஒரு வீட்டில் அந்த அம்மா கணவரைப் பார்த்து, "கார்ப்பரேஷன்ல இருந்து வந்திருக்காவளோ?" என்று கேட்டதே காதில் விழுந்தது.

முதலில் போனில்தான் தேடினேன். வாடகை வீட்டு விளம்பரங்களில் பாதி பழையது. மீதியில் பாதி ஒத்திக்கு. ஒத்தி என்றால், மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருக்கலாம். காலி செய்யும்போது அந்தத் தொகை அப்படியே திரும்ப வரும். அஞ்சு லட்சத்தைக் கொடுத்து மூன்று மாதத்தில் திருப்பிக் கேட்கிறவளை யார் வீட்டுக்குள் விடுவார்கள்? அந்தப் பணத்தை அவர்கள் அன்றைக்கே மகள் கல்யாணத்துக்கோ மாடி கட்டவோ போட்டிருப்பார்கள். ஜங்ஷன் பக்கத்து லாட்ஜுகளில் மாத வாடகைக்கு அறை உண்டு. ஒன்றில் லிஃப்ட்கூட இருந்தது. அடுப்பு வைக்க முடியாது. அம்மா மூன்று மாதம் ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டால் இடுப்பு சேரும், வயிறு போய்விடும்.

அப்புறம் தரகர். சமாதானபுரத்தில் ஒரு டீக்கடைதான் அவருக்கு ஆபீஸ். "கமிஷன் ஒரு மாச வாடகை, பாத்துக்கிடுங்க" என்றார். பதினோரு மாதம் இருக்கிறவர்களுக்கு அது சரி. மூன்று மாதத்துக்கு வருகிறவளுக்கு வாடகையில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கே போய்விடும். அதைச் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "நீங்க பதினோரு மாசம்னே சொல்லுங்க. மூணு மாசத்துல காலி பண்ணும்போது ஏதாவது காரணம் சொல்லிக்கிடலாம்லா" என்றார். யோசனை நல்லாத்தான் இருந்தது. ஆனால் வாக்கரோடு வந்து இறங்குகிற அம்மாவை எந்தப் பொய்க்குள் ஒளிப்பது?

இந்தப் பதினோரு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று அவரிடமே கேட்டேன். "அது அப்படித்தான்" என்றார். 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டத்தில், ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பத்திரம் பதிய வேண்டும் என்று இருக்கிறது. அதிலிருந்து தப்பிக்க ஒரு மாதத்தைக் குறைத்தவர்கள் நம் தாத்தாக்கள். அதற்குப் பிறகு 2017-ல் தமிழ்நாட்டில் புது வாடகைச் சட்டம் போட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், இரண்டு தரப்பும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் தவிர அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. நான் பார்த்த வீடுகளில் ஒருவரும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. வீடு கேட்டு வாசலில் நிற்கிறவள் சட்டம் பேசினால் கதவு சாத்துகிற சத்தம்தான் பதில்.

தரகர் காட்டிய முதல் வீடு சிந்துபூந்துறையில். கீழ்வீடு, ஆற்றங்கரைக் காற்று, பாத்ரூம் கதவு இரண்டே கால் அடி. எல்லாம் பொருந்தி வந்தது. வாசலில் ஒரு பெரியவர் நின்று, "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டார். தூக்கக் கலக்கமோ என்னவோ, நான் "நீங்கதானே வீட்டுக்காரர்?" என்று சொல்லிவிட்டேன். உள்ளே அவர் மனைவி சிரித்தது கேட்டது. என் வீட்டுக்காரர் சென்னையில் பிள்ளைகளோடு இருக்கிறார், நான் இங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறேன் என்று விளக்கிச் சொன்னேன். பெரியவர் தலையாட்டினார். அப்போதுதான் கூடத்துச் சுவரைப் பார்த்தேன். புதுப் பெயின்ட். ஆனால் என் நெஞ்சு உயரத்துக்குக் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம். கோடு போட்ட மாதிரி இல்லை, ஓரம் கொஞ்சம் அலை அலையாக. 2023 டிசம்பர் வெள்ளம். மார்கழி முதல் தேதி ஆறு ஏறி வந்து ஜங்ஷன், மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை என்று கரையோரத்தையெல்லாம் முழுங்கியது. "அது எப்பவாச்சும் வாரதும்மா" என்றார் பெரியவர். எப்பவாவதுதான். 1992 நவம்பரில் வந்தது, அதற்கப்புறம் இப்போது. நாங்கள் இருக்கப்போவது ஐப்பசிக்கு முன்னால் வரைக்கும்தான், மழை தொடங்குவதற்குள் போய்விடுவோம். புத்திக்கு இதெல்லாம் புரிந்தது. ஆனால் ஓடத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. கட்டிலில் இருந்து தானாக எழ முடியாதவளை அந்தக் கோட்டுக்குக் கீழே படுக்கவைக்க மனசு வரவில்லை.

அடுத்து டவுனில் ஒரு வளவு வீடு. ரத வீதிக்குப் பின்னால். இது ஆஸ்பத்திரிக்கு எந்த வகையிலும் பக்கம் இல்லை. ஈரடுக்கு மேம்பாலம், வண்ணார்பேட்டை எல்லாம் தாண்டி வர வேண்டும். தெரிந்தே போனேன். வளவு வீட்டை உள்ளே போய்ப் பார்க்க ஒரு சாக்கு. நீளமான ஒரே சந்து, இரண்டு பக்கமும் எதிரெதிரே வாசல்கள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக அடிபம்பு. ஒரு வீட்டில் எள்ளு வறுக்கிற வாசனை சந்து முழுக்க நின்றது. கடைசி வீட்டில் ஓர் ஆச்சி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "வா தாயி, இரி" என்று சொல்லி மோர் கொடுத்தாள். மேலே மச்சு, பட்டாசாலையில் வழுவழுவென்று சிவப்புத் தரை. உட்கார்ந்தால் எழுந்துவர மனசு வராது. அம்மாவால் எழுந்துவரவே முடியாது என்பதுதான் சிக்கல். வாசலில் மூன்று படி, அடுக்களைக்கு ஒன்று இறங்க வேண்டும். டாய்லெட் சந்துக் கடைசியில்.

மோரைக் குடித்து முடித்ததும் ஆச்சி கேட்டாள். "களக்காட்டுல எந்தத் தெரு?"

வெளியூர்க்காரர்களுக்கு இது விலாசம் கேட்கிற கேள்வியாகத் தெரியும். நம் ஊரில் தெருவைச் சொன்னால் ஜாதியைச் சொன்ன மாதிரி. நேராகக் கேட்பது நாகரிகம் இல்லை என்று நினைக்கிறவர்கள் தெருவைக் கேட்பார்கள். இன்னும் நாகரிகமானவர்கள், "அங்க எங்க சொந்தக்காரங்க இருக்காங்க, இன்ன கோயிலுக்குப் பக்கத்துல. உங்களுக்குத் தெரியுமா?" என்பார்கள். பதினொரு நாளில் ஒன்பது வீடு பார்த்தேன்; ஏழில் ஏதோ ஒரு வடிவத்தில் இந்தக் கேள்வி வந்தது. "கவுச்சி சமைப்பியளா?" என்பதும் அதன் தங்கச்சிதான். நான் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி மழுப்பினேன். ஆச்சியிடம் மட்டும் தெருப் பெயரைச் சொன்னேன். மோர் கொடுத்திருந்தாளே. அவள் "ஆங்" என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் வாடகையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எப்படியும் எனக்கு அந்த வீடு ஆகாது என்பது வேறு விஷயம்.

என்.ஜி.ஓ. காலனியில் பார்த்த வீடுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கச்சிதமான கீழ்வீடு, வாசலில் படிக்குப் பதில் ஸ்கூட்டர் ஏற்றுகிற சரிவு. டேப்பை வெளியே எடுக்கவே தேவைப்படவில்லை. ரிட்டயர்டு ஆபீசர் ஒருவர், நல்ல மரியாதைக்காரர். தெருவையும் கேட்கவில்லை, சாப்பாட்டையும் கேட்கவில்லை. மூன்று மாதம் என்றதும் "பரவால்ல" என்றார். யாருக்காக என்று கேட்டார். சொன்னேன். "அம்மாவுக்கு என்ன வயசு?" எழுபத்தாறு. "சுகர் உண்டா?" உண்டு. "நெஞ்சுக்கு ஒண்ணும் இல்லியே?" அவர் அம்மாவின் உடம்பைப் பற்றி அக்கறையாக விசாரிக்கிறார் என்று நினைத்து டாக்டர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். ஈசிஜி நார்மல் என்றுகூடச் சொன்னேன். சாயங்காலம் போன் செய்து, "தப்பா நெனைக்காதீங்கம்மா, வீட்டுல கொஞ்சம் யோசிக்காங்க" என்றார்.

சித்திதான் விளக்கினாள். "அடைப்பு வந்துரக் கூடாதுன்னு பாக்காவ." அவிட்டம், சதயம் மாதிரிச் சில நட்சத்திரங்களில் ஒருவர் செத்துப்போனால் அந்த வீட்டை மாதக்கணக்கில் அடைத்துப்போட வேண்டும் என்பது நம்பிக்கை. தனிஷ்டா பஞ்சமி என்பார்கள். அடைப்பு இல்லாவிட்டாலும், சாவு விழுந்த வாடகை வீட்டுக்கு அடுத்து ஆள் வருவது கஷ்டம். அவர் அம்மாவுக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தார், நான் உட்கார்ந்து புள்ளிவிவரம் கொடுத்திருக்கிறேன். கோபம் வந்தது. பக்கத்துக் கட்டிலில் அம்மா குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் மூச்சை எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன். அந்த மனிதரைத் திட்டவும் முடியவில்லை. ஏனென்றால், எண்ணிக்கொண்டிருந்தது நானும்தானே.

மற்ற வீடுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குலவணிகர்புரம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று. வீடு அருமை. ஆனால் கேட் போட்டால் இரண்டு பக்கமும் வண்டி வால்மாதிரி நீளும். வீட்டுக்கு வந்து செய்துவிடுகிற பிசியோதெரபி தம்பி விலாசத்தைக் கேட்டதுமே, "கேட்டுக்கு அந்தப் பக்கம்னா நம்மால முடியாதுக்கா" என்றுவிட்டார். கே.டி.சி. நகரில் ஒன்று, ஒன்பதாயிரம் வாடகைக்கு மூன்று மாதம் என்றால் பதினாலாயிரம். கரண்டுக்கு சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வேறு. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது அவர் வீட்டு மீட்டரோடு நின்றுவிடும், எங்கள் பக்கம் வராது. தியாகராஜநகரில் ஒன்று, டைல்ஸ் அவ்வளவு பளபளப்பு, நானே இரண்டு தடவை சறுக்கினேன். இன்னும் இரண்டு வீட்டில் பாத்ரூம் கதவோடு பேச்சு முடிந்தது.

பத்தாம் நாள் காலையில் மகாராஜநகர் உழவர் சந்தைக்குக் காய் வாங்கப் போனேன். வீடு தேடி அலுத்துப்போய், அன்றைக்குத் தேடக் கூடாது என்றே முடிவு பண்ணியிருந்தேன். முருங்கைக்காய்க் கட்டோடு வெளியே வந்தால் எதிரே ஒரு கேட்டில் டு-லெட் போர்டு. கை பரபரத்தது. போர்டில் இருந்த நம்பரை போனில் அடிக்கும்போதே, வேப்பமரத்தடித் தேய்ப்பு வண்டியிலிருந்து குரல் வந்தது. "அங்க கூப்பிடாதீய. அந்த போர்டு ரெண்டு வருசமா தொங்குது. அண்ணன் தம்பிக்குள்ள கேசு."

திரும்பிப் பார்த்தேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கரிப்பெட்டியைத் தூக்கி வாயருகே கொண்டுபோய், துவாரங்கள் வழியாக ஒரு ஊது ஊதி, சாம்பல் பறந்ததும் ஈரத்துணியில் ஒரு தடவை ஒற்றினார். சுர்ரென்றது. ஒரு வெள்ளைச் சட்டைக் காலரில் பெட்டியின் முனையை மட்டும் வைத்து நீவிக்கொண்டே, "எத்தனை மாசத்துக்கு?" என்று கேட்டார்.

"மூணு."

அமைதி எதுவும் வரவில்லை. காலரைத் திருப்பிப் போட்டார். "எப்ப இருந்து?"

"இப்பவே வேணும். ஆடி பொறந்தாலும் சரி."

"அப்ப நாலாவது தெருவுல டீச்சரம்மா வீட்டக் கேளுங்க. கீழ்வீட்டுல பேங்க்காரரு இருந்தாரு. தெனம் ஒரு சட்டை ஒரு பேண்ட் வரும், ஞாயித்துக்கெழமை வராது. ரெண்டு வாரமா நின்னுட்டு. மாத்தலாயிப் போயிட்டாரு. இனி ஆவணிக்கு முன்னால எவன் வருவான்? ஆடியில வீடு சும்மாத்தான கெடக்கும்."

எனக்கு அந்த இடத்தில் மண்டையில் யாரோ குட்டின மாதிரி இருந்தது. பத்து நாளாக நான் வாடகைக்கு இருக்கிற வீடுகளைத் தேடிக்கொண்டிருந்தேன். வாடகைக்கு இருக்கிற வீடு வருஷக்கணக்கில் இருக்கப்போகிற குடும்பத்துக்காக இருக்கிறது. மூன்று மாதக்காரிக்கு அங்கே இடம் இல்லை, அதில் யார் மேலும் தப்பும் இல்லை. எனக்கு வேண்டியது வேறு எதற்காகவோ காத்துக் கிடக்கிற வீடு. விலை படியாத வீடு, மகன் வெளிநாட்டிலிருந்து வரும் வரைக்கும் பூட்டிக் கிடக்கிற வீடு, ஆவணி பிறக்கட்டும் என்று சும்மா இருக்கிற வீடு. அப்படிப்பட்ட வீட்டுக்கு யாரும் போர்டு போடமாட்டார்கள். துணி வருவது நின்றால் தேய்ப்புக்காரருக்குத் தெரியும். பால் பாக்கெட் போடுகிறவருக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?

டீச்சரம்மா ரிட்டயராகிப் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். முன்வாசலில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதம் என்றதும் அவர்களே விரல் விட்டார்கள். ஆடி, ஆவணி, புரட்டாசி. ஐப்பசிக் கடைசியில் மகனுக்குக் கல்யாணம். பெண் வீட்டு ஆட்கள் தங்கக் கீழ்வீடு வேண்டும். அதற்கு முன்னால் வெள்ளையடிக்க வேண்டும். ஆவணியில் புதுக் குடும்பத்தை வைத்தால் ஐப்பசியில் போகச் சொல்ல முடியாது. அதனால் பூட்டியே போடலாம் என்று இருந்திருக்கிறார்கள்.

டேப்பை எடுத்தேன். பாத்ரூம் கதவு இரண்டரை அடி. வெஸ்டர்ன். கைபிடிக்க ஒரு கம்பிகூட இருந்தது, டீச்சரம்மாவின் மாமியாருக்காகப் போட்டதாம்.

"நீ எங்கம்மா படிச்சே?" என்று கேட்டார்கள்.

"சாராள் தக்கர்ல, டீச்சர்."

"எந்த வருசம்?"

சொன்னேன். அதற்கப்புறம் பத்து நிமிஷம் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிப் பேசினோம். அவர்களும் அங்கேதான் படித்தவர்கள், எனக்கு ஏகப்பட்ட வருஷம் முன்னால். ஒன்பதாயிரம் வாடகை, அட்வான்ஸ் முப்பது. தனி மீட்டர். ஒரு தாளில் இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். உள்ளே வந்த அன்றைக்கே மீட்டர் ரீடிங்கை போனில் படம் எடுத்து அவர்களுக்கும் அனுப்பிவைத்தேன். இது சின்ன வேலை, செய்துவிடுங்கள். ரீடிங் எடுக்க வருகிற தேதியும் நாம் குடிவருகிற தேதியும் ஒருநாளும் ஒத்துப்போகாது.

சந்தோஷத்தோடு ஆட்டோவில் திரும்பும்போதே ஒன்று உறுத்தியது. தெரு கேட்ட ஏழு பேர் மேலும் எனக்குக் கோபம் இருந்தது. டீச்சரம்மா காலேஜைக் கேட்டதும் நான் பூரித்துப்போய்ப் பதில் சொன்னேன். இரண்டு கேள்வியும் "நீ எங்க ஆளா?" என்பதுதானே. ஒன்றில் நான் வெளியே நின்றேன், ஒன்றில் உள்ளே போய்விட்டேன். அம்மாவுக்கு ட்ரெஸ்ஸிங் மாற்ற வந்த நர்ஸ் பெண்ணிடம் என் வீராதி வீரக் கதையைச் சொன்னபோது அவள், "உங்களுக்கு ஒம்பதாவது வீட்டுல கெடைச்சிட்டாக்கா?" என்று சிரித்தாள். அவள் இரண்டு வருஷமாக ஹாஸ்டலில் இருக்கிறாள். எத்தனை வீடு பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை.

வீடு கிடைத்துவிட்டதா, அம்மா வரமாட்டேன் என்றாள்.

"ஆடியில எவளாவது குடி போவாளா?"

ஆடிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது, ஆனியிலேயே போய்விடலாம் என்றேன். அதற்கும் கையில் பழமொழி வைத்திருந்தாள். "ஆனி அடியெடுக்காதே, கூனி குடிபோகாதே. கேட்டதில்லையா நீ?" கூனி என்றால் பங்குனி. மார்கழியும் ஆகாது, புரட்டாசியும் ஆகாது. எல்லாம் கழித்துப் பார்த்தால் நல்ல மாதங்களில் மட்டும் விழுகிற மாதிரி எலும்பு முறிவைத் திட்டமிட்டிருக்க வேண்டும். சித்தி சமாதானத்துக்கு வந்தாள். "வாடகை வீட்டுக்கு இவ்வளவு பாக்காண்டாம்க்கா. ஆனி முடியுறதுக்குள்ள பாலக் காய்ச்சிருவோம். குடிபோறது அது. அதுக்கப்புறம் நீ ஆடியில வந்தாலும் ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வந்த மாதிரிதான்." அம்மா கொஞ்ச நேரம் மோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உப்பும் மஞ்சளும் மொதல்ல போகணும்" என்றாள். சரி, சம்மதம்.

ஆனி முடிய இரண்டு நாள் இருக்கும்போது, வெள்ளென, நானும் சித்தியும் போய் ஒரு மரக்கால் உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீர், சாமி படம் கொண்டுபோய் வைத்துப் பால் காய்ச்சினோம். சிலிண்டர் வேண்டுமே. ஐந்து கிலோ சின்ன சிலிண்டருக்கு அடையாள அட்டை மட்டும் போதும், விலாசச் சான்று கேட்கமாட்டார்கள். மூன்று மாதக் குடித்தனத்துக்கு என்றே செய்த மாதிரி இருக்கிறது அது. பால் பொங்கி வழிந்தது கிழக்குப் பக்கமா என்று அம்மா போனில் கேட்டாள். கிழக்குதான் என்றேன். உண்மையில் எனக்கு அந்த வீட்டில் திசை இன்னும் பிடிபட்டிருக்கவில்லை.

தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டிலை மாத வாடகைக்கு எடுத்தோம், கமோடு நாற்காலியையும். மிக்ஸி சித்தி வீட்டிலிருந்து. டீச்சரம்மா ஒரு பிரம்பு நாற்காலி கொடுத்தார்கள். உயரம் போதவில்லை என்று அடியில் நாலு செங்கல் வைத்தோம். அம்மா மூன்று மாதமும் அதில் ராஜா மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கு வெளியே போகிற வருகிறவர்களையெல்லாம் விசாரித்தாள். ஆறாவது வாரம் வாக்கரோடு கேட் வரை. பத்தாவது வாரம் ஒற்றைக் கம்போடு தேய்ப்பு வண்டி வரை. அங்கே நின்று, நான் ஒருநாளும் தேய்த்துக் கட்டாத என் காட்டன் சேலைகளைத் தேய்க்கக் கொடுத்துவிட்டு வந்தாள். அவருக்கு நாங்கள் கொடுத்த தரகு அதுதான்.

பன்னிரண்டாவது வார எக்ஸ்ரேவில் எல்லாம் சரியாக இருந்தது. அதற்குள் களக்காட்டு வீட்டில் ஒரு வெஸ்டர்ன் டாய்லெட்டும், வாசலில் சரிவும் போட்டு முடித்திருந்தோம். தசரா முடிந்த கையோடு காலி செய்தோம். அம்மன் சப்பரங்கள் வருகிற அன்று ராத்திரி மேளச் சத்தம் ஜன்னல் வழியாக வர, அம்மா தூங்காமல் படுத்திருந்தாள். கூட்டத்துக்குள் போக முடியாது என்று அவளே சொன்னாள். அழவில்லை.

கிளம்புகிற அன்று டீச்சரம்மா அட்வான்ஸைக் கரண்டு பில் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். சுவரில் நான் அடித்த ஒரே ஆணியைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், மாலை தொங்கவிட ஆகும்" என்றார்கள். பிறகு உள்ளே போய் அச்சடித்து வந்திருந்த கல்யாணப் பத்திரிகைக் கட்டைக் கொண்டுவந்து, ஒரு கவரை எடுத்து அம்மா பெயரை எழுதினார்கள். பெயருக்குக் கீழே "களக்காடு" என்று எழுதிவிட்டு, பேனாவைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள்.

"எந்தத் தெரு?"

எனக்கு உடனே வாய் வரவில்லை. அம்மாதான் சொன்னாள், கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை. டீச்சரம்மா நிதானமாக எழுதிக்கொண்டார்கள். ஆறு, ஏழு இரண்டு, ஐந்து பூஜ்யம் ஒன்று என்று அம்மா தப்பாகச் சொல்ல, "ஆறு இருவத்தேழு, ஐநூத்தி ஒண்ணு" என்று நான் திருத்தினேன்.